மஞ்சள் மூட்டையும் பங்குப் பத்திரமும்

நாமக்கல்லில் ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின் லாரித் தொழில் புரியும் பெரியவர் ஒருவர் என்னை அணுகினார். ஹஜ்ஜுக்கென ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணம் அவரிடம் இருந்தது. "ஹஜ்ரத், இதைப் பங்குச் சந்தையில் போடலாமா? மகன் வியாபாரம் என்கிறான், மச்சான் சூது என்கிறார்" என்று வினவினார். ஒரே சொல்லில் விடை பகரத்தக்க வினா அன்று அது.

பங்கு என்பது யாது? ஒரு நிறுவனத்தின் உடைமையில் சிறு கூறு. இலாபத்திலும் நட்டத்திலும் நமக்கு உரிமையுண்டு. கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்கை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்துக்குக் கொண்டு சென்று வணிகம் செய்ததை யாவரும் அறிவர். ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு. இதனையே முளாரபா என்பர். ஆகவே கூட்டு வணிகத்துக்குத் தடையில்லை. ஆனால் அந்நிறுவனம் எதனை விற்கிறது, எவ்வளவு வட்டிக் கடனில் நடக்கிறது என்பனவற்றை ஆராய்தல் வேண்டும். மதுபான ஆலையும் வட்டித் தொழிலும் நமக்கு ஆகா. மும்பைப் பங்குச் சந்தை 2010இல் ஷரீஅத் அளவுகோலுக்கு இசைந்த 50 நிறுவனங்களைக் கொண்டு ஒரு குறியீட்டெண்ணையே வெளியிட்டது.

இனி மச்சானின் ஐயத்துக்கு வருவோம். நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தைக் கண்டிருப்பீர்கள். மூட்டையைப் பிரித்து, விரலியை ஒடித்துப் பார்த்தே வியாபாரி விலை கூறுவார். அதே மஞ்சள் முன்பேரச் சந்தையிலும் விலை போகிறது. அங்கே விற்பவரிடம் பெரும்பாலும் சரக்கில்லை. வாங்குபவருக்கும் சரக்கு வேண்டியதில்லை. முழு விலையும் கைமாறுவதில்லை. தவணை வருமுன் விலை வித்தியாசத்தைப் பெற்றோ கொடுத்தோ பலரும் வெளியேறிவிடுகின்றனர். தம்மிடம் இல்லாத பொருளை விற்கலாகாது என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது இங்கே நினைவுக்கு வருகிறது.

அப்படியானால் விளையாத பயிருக்கு விலை பேசுவதே கூடாதா? கூடும். மதீனாவாசிகள் பேரீச்சம்பழத்துக்கு ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே பணம் கொடுத்து வந்தனர். பெருமானார் (ஸல்) அதனைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாயிருக்க வேண்டுமென நெறிப்படுத்தினார்கள். விலை முழுவதையும் அப்போதே செலுத்திவிட வேண்டுமென்பது இமாம்கள் வகுத்த நிபந்தனை. உழவன் கையில் விதைப்புக்குப் பணம் சேர்கிறது! இதுவே ஸலம். முன்பேரத்திலோ உழவனுக்கு அவ்வாறு முன்பணம் கிட்டுவதில்லை.

பங்குகளிலும் இத்தகைய முன்பேரம் உண்டு. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களுள் 100க்கு 93 பேர் நட்டமடைந்தனர் என்று செபி வாரியம் 2024இல் அறிவித்தது.

நேரிய பங்கிலும் இடருண்டு. 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்தின் பாத் நாணயம் சரியத் தொடங்கியதும் இந்தோனேசியா, மலேசியா, தென்கொரியச் சந்தைகளும் உடன் சரிந்தன. ஹஜ் பயணிகளின் சேமிப்புக்கென 1963இல் மலேசியாவில் தொடங்கப்பெற்ற தபுங் ஹாஜி நிறுவனம்கூட முதலீடுகளில் இழப்புக் கண்டு, 2018இல் அரசின் துணையால் சீரமைக்கப்பட வேண்டியதாயிற்று.

இவ்விடரைக் கண்டு அஞ்சுவோரை, "மாதந்தோறும் நிச்சயத் தொகை" என்னும் அழைப்பு எளிதில் ஈர்த்துவிடுகிறது. 2012இல் பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்ததை நம் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். 2019இல் பெங்களூரில் ஹலால் முதலீடு என்னும் பெயராலேயே ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பு பறிபோனது. அப்பெயரைக் கேட்டவுடன் நம்மவர் கணக்கைக் கேட்க மறந்தனர். முளாரபாவில் முதலீட்டாளருக்கு இத்தனை ரூபாய் என்று முன்னரே உறுதி செய்தால் ஒப்பந்தமே செல்லாது. இதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமையில்லை.

பெரியவரிடம் தொகை எவ்வளவு என்று கேட்டேன். அவ்வாண்டுப் பயணத்துக்கே போதுமானதாயிருந்தது. "வசதி வந்தபின் தாமதிக்கலாகாது என்பது ஹனஃபி மத்ஹபின் வலுவான கருத்து. தாமதிக்க இடமுண்டு என்னும் ஷாஃபி மத்ஹபினரும் சென்றுவிடுவதே சிறப்பென்பர். இந்தப் பணத்தைச் சந்தைக்கு அனுப்பாதீர், விண்ணப்பத்தைப் போடும்" என்றேன். மகனுக்கு என்ன சொல்வது என்று கேட்டார். "திரும்பி வந்தபின் மிச்சமிருப்பதில் பங்கு வாங்கட்டும், முன்பேரம் வேண்டாம்" என்றேன்.