ஓடி ஓடி நிற்கும் இஞ்சின்

விடியற்காலை நான்கு மணி. காரைக்கால் கரையிலிருந்து ஒரு ஃபைபர் படகு கிளம்பியது. படகில் நான்கு பேர். கரையில் இஞ்சின் நன்றாக ஓடியது. ஒரு மணி நேரம் போனது. இஞ்சின் திணறியது. நின்று விட்டது.

சிறிது நேரம் கழித்து மறுபடியும் சுற்றினார்கள். ஓடியது. பத்து நிமிடத்தில் மறுபடியும் நின்றது. காற்று படகைத் தள்ளிக்கொண்டு போனது. கரை கண்ணுக்குத் தெரியவில்லை.

இது உங்களுக்கும் நடந்திருக்கலாம். இஞ்சின் நின்றால் அன்றைய வருமானம் போகும். டீசல் காசும் போகும். சில நேரம் உயிருக்கே ஆபத்து வரும். எனவே இஞ்சின் ஏன் நிற்கிறது என்று தெரிந்து கொள்வோம்.

முதலில் என்ன செய்வது?

பதற வேண்டாம். ஆழம் குறைவு என்றால் நங்கூரம் போடுங்கள். எல்லோரும் லைப் ஜாக்கெட் போட்டுக் கொள்ளுங்கள். பக்கத்துப் படகுக்குச் செய்தி சொல்லுங்கள். அதன் பிறகு இஞ்சினைப் பாருங்கள்.

டீசல் இஞ்சின் எப்படி ஓடுகிறது?

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்ப் சூடாகும். காற்றை அழுத்தினால் சூடு வரும். டீசல் இஞ்சின் காற்றை மிகவும் பலமாக அழுத்துகிறது. அந்தச் சூட்டில் டீசல் பட்டதும் எரிகிறது. இதற்கு நெருப்புப் பொறி தேவையில்லை. 1897-ல் ஜெர்மனி நாட்டில் ருடால்ஃப் டீசல் என்பவர் இப்படிப்பட்ட இஞ்சினை ஓட்டிக் காட்டினார். அவர் பெயரே இஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் வந்தது.

இஞ்சின் கிளம்பி, ஓடி, பிறகு நிற்கிறதா? பெரும்பாலும் டீசல் வரும் வழியில்தான் கோளாறு இருக்கும்.

கரையில் ஓடுகிறது, கடலில் நிற்கிறது. ஏன்?

கரையில் இஞ்சின் சும்மா ஓடுகிறது. கொஞ்சம் டீசல் போதும். கடலில் பாரம் இழுக்கிறது. அதிக டீசல் வேண்டும். வழி பாதி அடைத்திருந்தால் அவ்வளவு டீசல் வராது. மேலும் அலையில் டேங்க் குலுங்கும். அடியில் கிடக்கும் அழுக்கும் தண்ணீரும் கலங்கிக் குழாயில் போகும்.

ஒவ்வொன்றாகப் பாருங்கள்

1. டேங்கில் டீசல் இருக்கிறதா? டீசல் குழாயின் திருகு முழுதும் திறந்திருக்கிறதா?

2. டேங்க் மூடியில் உள்ள சிறு துளை அடைத்திருக்கிறதா? எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் சரியாக வராது. காற்று உள்ளே போக இன்னொரு ஓட்டை வேண்டும். டேங்குக்கும் அப்படித்தான்.

3. டீசலில் தண்ணீர் இருக்கிறதா? பில்டரின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். சிறிது நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் கனமானது. அது அடியில் தங்கும். தண்ணீர் இருந்தால், சுத்தமான டீசல் வரும்வரை வடித்து விடுங்கள்.

4. பில்டரில் அழுக்கு சேர்ந்திருக்கிறதா? அப்படியானால் புதியதை மாற்றுங்கள்.

5. குழாயில் காற்று புகுந்திருக்கிறதா? வெடிப்பும் தளர்ந்த கிளிப்பும் காற்றை உள்ளே விடும். முதலில் அவற்றைச் சரி செய்யுங்கள். பிறகு பில்டர் மேல் உள்ள காற்று எடுக்கும் திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். குமிழியோடு டீசல் வரும். குமிழி நின்றதும் திருகை இறுக்குங்கள்.

டீசல் வழி சரியாக இருக்கிறதா? அப்படியானால் விசிறியைப் பாருங்கள். அதில் வலையோ கயிறோ சுற்றியிருந்தால் கரும்புகை வரும். இஞ்சின் திணறும். இஞ்சினை முழுதும் நிறுத்திய பிறகுதான் விசிறியில் கை வைக்க வேண்டும்.

எச்சரிக்கை: நாசில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அதன் முன்னே கையைக் காட்டாதீர்கள்.

அந்தப் படகு என்ன ஆனது?

படகில் இருந்த பெரியவர் சொன்னார்: "தம்பி, டேங்க் மூடியைத் திற."

"டீசல் பாதிக்கு மேல இருக்கு மாமா."

"டீசல் இருக்கு. காத்து போக வழி இருக்கா? பாரு."

மூடியைத் திறந்ததும் "உஸ்" என்று காற்று உள்ளே போனது. மூடியின் துளையை உப்பும் அழுக்கும் அடைத்திருந்தன. மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார்கள். இஞ்சின் ஓடியது. பிறகு நிற்கவில்லை.

கரையிலேயே கவனிப்போம்

டீசலைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். கரை திரும்பியதும் டேங்கை நிரப்பி வையுங்கள். காலி இடம் இருந்தால் இரவில் உள்ளே நீர் பூக்கும். ஸ்பேனர், கிளிப், புது பில்டர், கம்பி, டார்ச் லைட் ஆகியவை எப்போதும் படகில் இருக்கட்டும்.

ஒரு சிறு நோட்டு வாங்குங்கள். பில்டர் மாற்றிய தேதியை எழுதுங்கள். ஆயில் மாற்றிய தேதியையும் எழுதுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்பதை நோட்டைப் பார்த்தே தெரிந்து கொள்ளலாம்.

நோட்டின் முதல் பக்கத்தில் 1554 என்று பெரிதாக எழுதுங்கள். அது கடலோரக் காவல் படையின் உதவி எண். செல்போனில் சிக்னல் இருக்கும்போதே கூப்பிடுங்கள். வயர்லெஸ் கருவி இருந்தால் 16-வது சேனலில் பேசுங்கள்.