வென்றவர்க்கும் வேலை இல்லை
(வீடியோ விளையாட்டுத் தொழிலில் ஆட்குறைப்பு: ஒரு விளக்கம்)

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

2024ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு என் பெரியப்பா மகன் பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்திருந்தார். பண்டிகை முடிந்து பத்து நாளாகியும் அவர் திரும்பிச் செல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "லீவு போட்டிருக்கான்" என்று பெரியப்பா சொல்லிக் கொண்டிருந்தார். உண்மை வேறு. அண்ணனுக்கு வேலை போய்விட்டது.

வெளிநாடுகளில் உருவாகும் வீடியோ விளையாட்டுகளுக்கு வேண்டிய வீடு, தெரு, மரம், விளக்குக் கம்பம் ஆகியவற்றைக் கணிப்பொறியில் வரைந்து கொடுப்பது அவர் தொழில். பெரிய விளையாட்டுகளின் ஓவிய வேலையில் ஒரு பகுதியை மேலைநாட்டார் இந்தியா போன்ற நாடுகளில் கொடுத்துச் செய்து வாங்குகிறார்கள். ஒருநாள் மாலை மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது, கேட்கக்கூடாத கேள்வியை நான் கேட்டுவிட்டேன்.

"வேலையில ஏதாச்சும் தப்பு நடந்துடுச்சா அண்ணே?"

அவர் கோபித்துக் கொள்ளவில்லை. "வேலை சரியில்லைன்னு ஒருத்தரும் சொல்லலைடா தம்பி. நல்லா வந்திருக்குன்னுதான் சொன்னாங்க. அந்த விளையாட்டே வேண்டாம்னு அங்க முடிவு பண்ணிட்டாங்க. அதோட எங்க வேலையும் முடிஞ்சுது" என்றார்.

நன்றாக உழைத்தால் வேலை நிலைக்கும் என்றுதான் நம் வீட்டிலும் பள்ளியிலும் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை அண்ணனின் விடை அசைத்துவிட்டது. அன்று முதல் இத்தொழிலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அவ்வாறு படித்துணர்ந்ததை நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பரிசு பெற்றவர்க்குப் பூட்டு

முதலில் ஓர் எடுத்துக்காட்டு. டோக்கியோ நகரில் 2010ஆம் ஆண்டு ஷின்ஜி மிக்காமி என்னும் புகழ்பெற்ற விளையாட்டு இயக்குநர் 'டாங்கோ கேம்வொர்க்ஸ்' என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார். அதே ஆண்டிலேயே அதனை அமெரிக்காவின் ஜெனிமாக்ஸ் நிறுவனம் வாங்கியது. 2021இல் ஜெனிமாக்ஸையே மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. குடியிருப்பவர் அப்படியே இருக்க, வீட்டுக்காரர் மட்டும் மாறிக்கொண்டே வந்தார்.

2023 ஜனவரி 25 அன்று அந்த ஸ்டூடியோ 'ஹை-ஃபை ரஷ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் நாயகன் நடப்பதும் அடிப்பதும், சுற்றியுள்ள பொருள்கள் அசைவதும் இசையின் தாளத்திற்கு இசைந்தே நடக்கும். தாளம் தப்பாமல் அடித்தால் அடிக்கு வலிமை கூடும். முன்விளம்பரம் ஏதுமின்றி அறிவித்த அன்றே வெளிவந்த அவ்விளையாட்டைத் திறனாய்வாளர்கள் ஒருமுகமாகப் புகழ்ந்தனர். அது பெரும் வெற்றி என்று உரிமையாளர் தரப்பே வெளிப்படையாகக் கூறிற்று. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதும் அதன் அசைவோவியத்திற்குக் கிடைத்தது.

2024 மே 7 அன்று அந்த ஸ்டூடியோவை மூடப் போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அமெரிக்காவில் இருந்த 'ஆர்க்கேன் ஆஸ்டின்' ஸ்டூடியோவுக்கும் அன்றே மூடுவிழா. விருதும் மதிப்பும் பெற்றுத் தரும் சிறிய விளையாட்டுகள் நமக்கு வேண்டும் என்று, மறுநாள் ஊழியர் கூட்டத்தில் அந்நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவர் பேசியதாகச் செய்தி வந்தது. அப்படியொரு விளையாட்டைச் செய்து தந்தவர்களைத்தானே முந்தின நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்!

இஃது ஒரு ஸ்டூடியோவின் கதை மட்டுமன்று. எபிக் கேம்ஸ் 2023 செப்டம்பரில் சுமார் 830 பேரை நீக்கியது. அது அந்நிறுவனத்தில் 16 விழுக்காடு. 2024 ஜனவரியில் யூனிட்டி 1,800 பேரையும், ரயட் கேம்ஸ் 530 பேரையும், மைக்ரோசாஃப்டின் விளையாட்டுப் பிரிவு 1,900 பேரையும் குறைத்தன. அடுத்த மாதம் சோனியின் விளையாட்டுப் பிரிவு 900 பேரை நீக்கி, இலண்டனில் இருந்த தன் ஸ்டூடியோவையும் மூடுவதாக அறிவித்தது. 2023, 2024 ஆகிய ஈராண்டுகளிலும், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் உலகெங்கும் இத்தொழிலில் வேலை இழந்தனர் என்று கணக்கிட்டுள்ளனர்.

முன்பு நடந்தது வேறு

"இதிலென்ன புதுமை? சரக்கு விற்காவிட்டால் கடையை மூடத்தானே வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். அப்படியும் ஒருமுறை நடந்ததுண்டு. 1983இல் அமெரிக்காவில் வீட்டு வீடியோ விளையாட்டுச் சந்தை சரிந்து வீழ்ந்தது. தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் குவிந்தன. ஒரு திரைப்படத்தின் பெயரால் ஐந்தே வாரங்களில் செய்து முடிக்கப்பட்ட 'ஈ.டி.' என்னும் விளையாட்டு அவற்றுள் பேர்போனது. விற்காத சரக்கை அடாரி நிறுவனம் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்னும் ஊரின் குப்பைக் குழியில் கொட்டிப் புதைத்தது. 2014இல் அக்குழியைத் தோண்டியபோது அவை வெளிவந்தன. 1983இல் ஏறத்தாழ 300 கோடி டாலராக இருந்த விற்பனை, 1985இல் சுமார் 10 கோடி டாலராகச் சுருங்கியது என்பர்.

அன்று வாங்குவோர் இல்லை. ஆகவே தொழில் படுத்தது. இன்றைய நிலை அவ்வாறன்று. 2023இல் உலக வீடியோ விளையாட்டு வருமானம் 18,000 கோடி டாலரைத் தாண்டியது. அவ்வாண்டில் வெளியான விளையாட்டுகளின் தரத்தையும் பலர் வியந்து போற்றினர். வாங்குவோரும் உண்டு, நல்ல சரக்கும் உண்டு, ஆயினும் செய்தவர்க்கு வேலை இல்லை. இந்தப் புதிருக்கு விடை எங்கே இருக்கிறது?

முதற் காரணம்: தொழிலின் இயல்பு

பெரிய விளையாட்டு ஒன்றைச் செய்து முடிக்க நான்கு முதல் ஆறு ஆண்டுகள் ஆகலாம். நூற்றுக்கணக்கானோர் உழைக்க வேண்டும். முதல் காசு கைக்கு வருமுன் செலவு முழுவதும் முடிந்திருக்கும். 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டின் இரண்டாம் பாகத்திற்கு 22 கோடி டாலர் செலவானதாக, 2023இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் தாக்கலான ஆவணத்தால் தெரியவந்தது.

இது நம் திரைப்படத் தொழிலைப் போன்றதுதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. படம் முடிந்தால் தன் வேலையும் முடியும் என்பதைத் திரைப்படத் தொழிலாளி முன்பே அறிவார். விளையாட்டு ஸ்டூடியோவில் இருப்பவரோ மாதச் சம்பளக்காரர். நிரந்தர வேலை என்று நம்பி வீட்டுக் கடன் வாங்கியிருப்பார், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருப்பார். ஒரு விளையாட்டு முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளியில், அவர் சம்பளம் முதலாளியின் கண்ணுக்கு வெறுஞ்செலவாகத் தோன்றும்.

இரண்டாம் காரணம்: மலிவான பணம்

2020இல் கொரோனா பரவியபோது உலகமே வீட்டுக்குள் அடைந்தது. விளையாடுவோர் பெருகினர், வருமானமும் பெருகியது. அதே வேளையில் அமெரிக்க மைய வங்கி வட்டியை ஏறக்குறையப் பூஜ்யத்திற்குக் கொண்டு வந்திருந்தது. வட்டியில்லாக் காலத்தில் கடன் வாங்க யார் அஞ்சுவார்? நிறுவனங்கள் புதிதாக ஆள் எடுத்தன. ஒன்றையொன்று விலைக்கு வாங்கின. பெருந்தொற்றுக் கால வளர்ச்சி என்றும் நீடிக்கும் என்று கணக்குப் போட்டன.

2022 மார்ச்சில் வட்டி ஏறத் தொடங்கியது. 2023 ஜூலையில் 5.25 முதல் 5.5 விழுக்காடு வரை சென்றது. ஐரோப்பிய நாடுகளிலும் அவ்வாறே. மக்களும் வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டனர். மாற்றாங்கால் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பாராமல், மழை பெய்த ஆண்டைப் பார்த்துப் பயிர் வைத்தவன் நிலை ஆயிற்று.

சுவீடன் நாட்டு எம்ப்ரேசர் குழுமம் இதற்குச் சரியான சான்று. கடன் வாங்கியும் தன் பங்குகளைக் கொடுத்தும் நூற்றுக்கு மேற்பட்ட ஸ்டூடியோக்களை அது சேர்த்து வைத்திருந்தது. 200 கோடி டாலர் பெறுமான ஓர் ஒப்பந்தத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தது. 2023 மே மாதம் அவ்வொப்பந்தம் கைநழுவியது. பங்கு விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. ஆகஸ்டு 31 அன்று, அக்குழுமத்தைச் சேர்ந்த 'வொலிஷன்' ஸ்டூடியோ மூடப்பட்டது. 1993 வரை வேர் நீண்ட ஸ்டூடியோ அது. அதன் கடைசி விளையாட்டு எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை என்பது உண்மையே. ஆயினும், அதற்காகக் கதவையே சாத்தும் நிலை வந்தது மேலிடத்துக் கடனால் அன்றோ?

மூன்றாம் காரணம்: பெருமீன்கள்

2022 ஜனவரியில் ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தை 6,870 கோடி டாலருக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நம் பணத்தில் ஐந்தரை இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023 அக்டோபரில் அது நிறைவேறியது. மூன்று மாதம் கழித்து, மேலே சொன்ன 1,900 பேரின் பணிநீக்கம். அதே வாரத்தில்தான் மைக்ரோசாஃப்டின் சந்தை மதிப்பு மூன்று இலட்சம் கோடி டாலரைத் தொட்டது என்பதையும் கருதிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கியவர், அவ்வளவுக்கும் ஈடான இலாபத்தை எதிர்பார்ப்பார். சிறு ஸ்டூடியோ ஈட்டும் நியாயமான இலாபம் அந்தப் பெருங்கணக்கில் கண்ணுக்கே தெரியாது. தனியே இருந்தால் ஐந்நூறு குடும்பங்களை வாழவைக்கக்கூடிய வருமானம், பெருநிறுவனத்தின் ஏட்டில் 'போதாத வரவு' ஆகிவிடுகிறது. டாங்கோவின் கதையை நான் இவ்வாறே புரிந்துகொள்கிறேன்.

நான்காம் காரணம்: ஆடுவோரின் நேரம்

விளையாடுவோருக்கும் ஒரு நாளுக்கு 24 மணி நேரந்தான். 2017இல் வந்த 'ஃபோர்ட்நைட்' போன்ற விளையாட்டுகள், புதுப்புதுச் சேர்க்கைகளால் ஆடுவோரை ஆண்டுக்கணக்கில் விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. இன்னொரு புறம், 'ஸ்டீம்' என்னும் ஒரே விற்பனைத் தளத்தில் 2024இல் மட்டும் 18,000க்கு மேற்பட்ட புது விளையாட்டுகள் வந்தன. தாமும் ஒரு ஃபோர்ட்நைட் செய்துவிடலாம் என்று பெருநிறுவனங்கள் பணத்தைக் கொட்டின. சோனி 2024 ஆகஸ்டு 23 அன்று வெளியிட்ட 'கான்கார்ட்' என்னும் விளையாட்டு இரண்டே வாரத்தில், செப்டம்பர் 6 அன்று, திரும்பப் பெறப்பட்டது. வாங்கியவர்க்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. அதனைச் செய்த ஸ்டூடியோவும் மூடப்பட்டது. எந்த வகை விளையாட்டுக்குப் பணம் போடுவது என்று முடிவெடுத்தது மேலிடம், வேலையை இழந்தது கீழிடம்.

வேறு வழி இல்லையா?

இருந்தது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத் தலைவராக இருந்த சடோரு இவாட்டா, 2011இல் புதிய கருவி ஒன்று சரியாக விற்காதபோது தம் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக் கொண்டார். 2014இலும் மீண்டும் அவ்வாறே செய்தார். வேலை போய்விடுமோ என்று அஞ்சிக் கொண்டிருப்பவரால் பிறரை மகிழ்விக்கும் விளையாட்டைச் செய்ய முடியுமா என்பது அவர் பங்குதாரர்களிடம் சொன்ன கருத்து. அந்நிறுவனம் கையிருப்பை மிகுதியாக வைத்திருந்தது, ஜப்பானியச் சட்டமும் ஆட்குறைப்பை எளிதாக்குவதில்லை என்பவற்றையும் மறைக்காமல் கூறிவிட வேண்டும். ஆயினும் தவறான கணிப்பின் சுமையைக் கணித்தவரே தாங்கலாம் என்பதற்கு அது சான்று.

தொழிலாளரும் வாளாவிருக்கவில்லை. சங்கம் என்றாலே ஒதுங்கியிருந்த இத்துறையில், 2022 முதல் அமெரிக்காவில் சங்கங்கள் முளைக்கத் தொடங்கின. 2025 மார்ச்சில், வேலை இழந்தோரும் சேரக்கூடிய ஒரு பொதுச் சங்கம் தோன்றியது. டாங்கோவையும் 'ஹை-ஃபை ரஷ்' உரிமையையும் 2024 ஆகஸ்டில் தென்கொரியாவின் கிராஃப்டான் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. மூடியவர்க்கு வேண்டாத திறமை, வேறொருவர்க்கு விலைமதிப்புள்ளதாயிற்று.

முடிவாக

இதனால் கலைத்தொழில் எதிலும் சேராதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம்முள் பலரும் நாளை ஏதேனும் ஒரு நிறுவனத்தின் வாசலில் நிற்கப் போகிறவர்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்குமுன், இந்நிறுவனம் யாருடையது, யார் பணத்தில் நடக்கிறது, முந்தைய வேலை முடிந்தபோது ஆட்களை என்ன செய்தது என்றும் கேட்டறிதல் வேண்டும். பொருளியல் படிப்பு அதற்காவது நமக்குப் பயன்பட வேண்டும்.

இன்னொன்று. வேலை இழந்தவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் வழக்கத்தை நாம் விட வேண்டும். அன்று மாடியில் நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அண்ணன் நான்கு மாதம் வீட்டிலிருந்தார். மற்றவர் கண்ணில் படாமல் இருப்பதற்காகவே கடைத்தெருவுக்கு இருட்டிய பின்தான் போவார். இப்போது கட்டட வரைபட நிறுவனம் ஒன்றில், குறைந்த சம்பளத்திற்கு, கட்டவிருக்கும் வீடுகளைக் கணிப்பொறியில் வரைந்து தருகிறார். கை அதே கைதான், வேலையும் அதே நேர்த்திதான்.

பெரியப்பாவிடம் இக்கட்டுரையின் கைப்பிரதியைப் படித்துக் காட்டினேன். வட்டி, பங்கு என்ற பகுதிகளை இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அப்ப இவன் மேல தப்பு ஒண்ணும் இல்லையா?" என்றார்.

"இல்லை பெரியப்பா" என்றேன். அந்த ஒரு சொல்லை ஐயமின்றிச் சொல்வதற்காகவே இவ்வளவும் படித்தேன்.