நம்பர் ஏறினா மணி சிறுக்கும்!

ஆரி வொர்க் க்ளாஸ் போறவங்க, ஹாஸ்டல் ரூமிலேயே பிரேஸ்லெட் கோத்து ஃப்ரெண்ட்ஸ் தலையில் கட்டுறவங்க... இந்த ரெண்டு கோஷ்டிக்கும் பொதுவா ஒரு தலைவலி உண்டு. கண்ணாடிப் பாசிமணி வாங்கப் போனா, பாக்கெட்ல 15/0, 11/0, 8/0, 6/0 என்று பின்னக் கணக்கு மாதிரி என்னவோ எழுதியிருக்கும். ‘பதினஞ்சுதான் பெருசு’ என்று அள்ளிட்டு வந்து பிரிச்சா, உள்ளே ரவை மாதிரி மணி! ஊசி நுழையாது. டிசைன் அம்போ.

மேட்டர் ரொம்ப சிம்பிள். நம்பர் ஏற ஏற மணி சின்னதாகும். 6/0 மணி சுமார் 4 மில்லிமீட்டர் குறுக்களவு. 8/0 சுமார் 3. எல்லோரும் அதிகமா வாங்குற 11/0 கிட்டத்தட்ட 2. 15/0 வெறும் ஒன்றரை. இந்தத் தலைகீழ் கணக்கு நமக்குப் புதுசில்லை. கோவை, திருப்பூர்ப் பசங்களைக் கேளுங்க. 40 கவுண்ட் நூலைவிட 80 கவுண்ட் நூல்தான் மெலிசு. மோட்டார் வைண்டிங் கம்பியில் கேஜ் நம்பர் ஏறினா கம்பி ஒல்லியாகும். பாசி கோக்குற ஊசியும் அதே கட்சிதான். 11/0 மணிக்கு 10-ம் நம்பர் ஊசி போதும், 15/0-க்கு அதைவிட மெலிசான 12-ம் நம்பர் தேவைப்படும்.

சரி, 11 என்றால் எதில் 11? ‘ஒரு இன்ச்சுக்கு 11 மணி’ என்று பழைய ஆளுங்க சொல்வாங்க. நம்பி நூலில் கோத்து எண்ணினா, 18 மணி வரை போகும். ‘சும்மா கதை விடுறாங்க’ன்னு தோணும். ஆனா மணியைக் கோக்காம, ஓட்டை மேலே பார்க்கிற மாதிரி வரிசையா ஒட்டி ஒட்டிப் படுக்க வெச்சுப் பாருங்க. 2.2 மி.மீ. மணி ஒரு இன்ச்சில் பதினொண்ணு சொச்சம் உட்காரும்! 8/0-வும் 6/0-வும்கூட இதில் ஓரளவு பாஸ். 15/0 மட்டும் 17-க்கு ஓடிப்போய் ஃபெயிலாகும். ஆக, இந்த நம்பரை அளவு என்று நினைக்காதீங்க, பெயர் என்று நினைங்க. அதான் பாதுகாப்பு.

ஏன் இத்தனை குழப்பம்? தயாரிக்கிற விதம் அப்படி. உருகின கண்ணாடியை ஓட்டையோட நீளக் குழாயா இழுப்பாங்க. அதைத் துண்டு துண்டா நறுக்கி, சூட்டில் உருட்டி முனையை மழுக்குவாங்க. கடைசியில் சல்லடையில் சலிச்சு சைஸ் பிரிப்பாங்க. (குழாய் இழுத்து மணி பண்ணுற வித்தையில் நம்ம புதுச்சேரி அரிக்கமேடு சுமார் ரெண்டாயிரம் வருஷ சீனியர் என்பதைக் காலரைத் தூக்கிவிட்டுச் சொல்லிக்கலாம்.) சல்லடையில் தப்பினது எல்லாமே ஒரே அச்சு இல்லையே? அதான் ஒரே பாக்கெட்டில் குண்டும் இருக்கும், ஒல்லியும் இருக்கும்.

கம்பெனிக்குக் கம்பெனியும் மாறும். செக் நாட்டு மணி கொஞ்சம் தட்டையா, வடை ஷேப்பில் இருக்கும். ஜப்பான் மணி உயரமா, சைஸ் ஒரே சீரா இருக்கும். இதில் பெரிய வில்லன், ஜப்பானின் மியூக்கி கம்பெனி தயாரிக்கிற டெலிகா. குட்டி உருளை மாதிரி அழகா இருக்கும். பாக்கெட்டில் அதே 11/0-தான். ஆனா குறுக்களவு 1.6 மி.மீ.தான்!

இதனால் என்ன கெட்டுப்போச்சு என்கிறீங்களா? சின்னத் தறியில் கோக்குற பிரேஸ்லெட்டுக்கு சாதா 11/0-வில் 80 வரிசை போட்டா சுமார் 7 இன்ச் வரும். கை நிறையும். அதே 80 வரிசையை டெலிகாவில் போட்டா 5 இன்ச்தான். உங்க கஸ்டமர் சின்னப் பாப்பாவா இருந்தா ஓகே. ரெண்டையும் ஒரே டிசைனில் கலந்தா இன்னும் மோசம். பாதி பட்டை சுருங்கி, வளைஞ்சு நிக்கும். ஆர்டர் கொடுத்தவங்க முகமும்தான்.

அதனால கடையில் பத்து மணி கேட்டு வாங்கி, ஓட்டை மேலே வர்ற மாதிரி ஸ்கேல் ஓரமா வரிசையா அடுக்குங்க. மொத்த நீளம் 22 மி.மீ. வந்தா ஒரு மணி 2.2. முடிஞ்சது. கடைக்காரர் முறைச்சா சிரிச்சு சமாளிங்க. ஆரி சாமான் கடையில் ‘சுகர் பீட்ஸ்’ என்று நம்பரே இல்லாம தர்ற மணிக்கும் இதே டெஸ்ட் செல்லும்.

கடைசியா காசு விஷயம். மணியை எடை போட்டு விற்கும்போது கிராம் விலையை மட்டும் பார்த்துட்டு ‘டெலிகா அநியாய விலை’ன்னு திரும்பிடாதீங்க. சாதா 11/0 ஒரு கிராமில் சுமார் 110 மணி. டெலிகாவில் சுமார் 200. ஒரு மணிக்கு எவ்வளவு விழுதுன்னு வகுத்துப் பார்த்துட்டு அப்புறமா பேரம் பேசுங்க!