அடிக்கோலும் இடிமேகமும்

பிற்பகல் மணி இரண்டு. அறிவியல் பாடவேளை. ஆசிரியர் ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலைத் தம் தலைமுடியில் பத்துப் பதினைந்து முறை நன்கு தேய்த்தார். மேசைமேல் பரப்பியிருந்த சிறு காகிதத் துண்டுகளின் அருகே அதைக் கொண்டு சென்றார். துண்டுகள் அசையவில்லை. மறுபடியும் தேய்த்தார். ஒரே ஒரு துண்டு மட்டும் இலேசாகத் தலையைத் தூக்கிவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டது. பின்வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. அதே நேரம் பள்ளித் திடலுக்கு அப்பால், கறுத்திருந்த வானத்தில் மின்னல் வெட்டியது. சன்னல் கண்ணாடிகள் அதிரும்படி இடி இடித்தது.

நூல்களில் தவறாமல் இடம்பெறும் இந்தச் சோதனை நம் நாட்டு வகுப்பறைகளில் பல வேளைகளில் இப்படித்தான் முடிகிறது. நானும் ஆசிரியராக இருந்த காலத்தில் கையில் அடிக்கோலோடு விழித்து நின்றிருக்கிறேன். குளிர்நாடுகளில் வறண்ட குளிர்காலத்தில் கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே விரலில் ‘சுரீர்’ என்று தைக்கும். நமக்கு அந்த அனுபவம் அரிது. ஆனால், கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 200 நாள் இடியோசை கேட்கிறது. உலகில் இடி மிகுந்த வட்டாரங்களுள் நம் வட்டாரமும் ஒன்று. ஒரு காகிதத் துண்டைத் தூக்க விடாத ஈரக்காற்று, வானைப் பிளக்கும் மின்னலுக்கு எப்படி இடம் கொடுக்கிறது?

இதற்கு விடை காண, முதலில் அடிக்கோலைத் தேய்க்கும்போது நடப்பது என்ன என்று பார்ப்போம். எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவே உள்ள புரோட்டான்கள் நேர்மின்னூட்டம் உடையவை. அவற்றைச் சூழ்ந்திருக்கும் எலெக்ட்ரான்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. இரண்டும் சம அளவில் இருப்பதால் பொருள் நடுநிலையில் இருக்கிறது. முடியும் பிளாஸ்டிக்கும் நெருங்கித் தொடும்போது முடியிலிருந்து சில எலெக்ட்ரான்கள் பிளாஸ்டிக்குக்கு மாறிவிடுகின்றன. அடிக்கோல் எதிர்மின்னூட்டம் பெறுகிறது. எலெக்ட்ரான்களை இழந்த முடி அதே அளவு நேர்மின்னூட்டம் பெறுகிறது. ‘தேய்த்தால் மின்சாரம் உண்டாகிறது’ என்று மாணவர்கள் விடைத்தாளில் எழுதுவதுண்டு. உண்மையில் புதிதாக எதுவும் உண்டாகவில்லை. ஏற்கெனவே இருந்தது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தேய்ப்பதுகூடக் கட்டாயமில்லை, தொட்டுப் பிரித்தாலே போதும். தேய்ப்பதால் தொடும் இடங்கள் பெருகுகின்றன.

இடம் மாறும் அளவும் வியப்புக்குரியது. நன்கு தேய்த்த அடிக்கோலில் ஒரு கூலோமில் 100 மில்லியனில் ஒரு பங்கு மின்னூட்டம் சேர்ந்திருக்கலாம். அதற்கு 60 பில்லியனுக்கும் மேற்பட்ட எலெக்ட்ரான்கள் தேவை. ஆயினும், அடிக்கோலில் உள்ள எலெக்ட்ரான்கள் அனைத்தையும் கணக்கிட்டால், இது ஏறத்தாழ 100 டிரில்லியனுக்கு ஒன்று என்ற விகிதம்தான். அவ்வளவு சிறிய ஏற்றத்தாழ்வே காகிதத்தைத் தூக்கிவிடுகிறது.

மனிதர்கள் இதை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். மரப்பிசின் மண்ணில் புதைந்து, பல மில்லியன் ஆண்டுகளில் கல்போல் இறுகிய பொருள் அம்பர். அதைத் தேய்த்தால் வைக்கோல் துணுக்குகளை ஈர்க்கும் என்பது பண்டைக் கிரேக்கர்களுக்குத் தெரியும். கிரேக்க மொழியில் அம்பரின் பெயர் எலெக்ட்ரான். 1600ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கில்பர்ட், கண்ணாடி, கந்தகம் போன்ற பல பொருள்களுக்கும் அந்த ஈர்ப்பு உண்டு என்று காட்டினார். 1733இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த டு ஃபே, மின்னூட்டம் இருவகைப்படும் என்று கண்டறிந்தார். ஒத்தவை விலகும், ஒவ்வாதவை ஈர்க்கும். பின்னர் அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அந்த இரண்டிற்கும் ‘நேர்’, ‘எதிர்’ என்று பெயரிட்டார். பட்டுத்துணியால் தேய்த்த கண்ணாடி பெறுவது நேர்மின்னூட்டம் என்பது அவர் வைத்த கணக்கு. 1897இல் ஜே.ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தபோது, அது எதிர்ப்பக்கத்தில் வந்து நின்றது. எலெக்ட்ரானைப் பெற்ற பொருளை ‘எதிர்’ என்றும் இழந்த பொருளை ‘நேர்’ என்றும் சொல்ல வேண்டியிருப்பதால் இன்றும் பலர் தடுமாறுகின்றனர். அந்தக் குழப்பத்திற்குக் காரணம் ஃபிராங்க்ளினின் இந்தப் பெயர்சூட்டல்தான்.

காகிதத் துண்டுக்கு மின்னூட்டம் ஏதும் இல்லையே, அது ஏன் ஈர்க்கப்படுகிறது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. எதிர்மின்னூட்டம் பெற்ற அடிக்கோல் நெருங்கும்போது, காகிதத்தின் மூலக்கூறுகளில் உள்ள எலெக்ட்ரான்கள் மிகச் சிறிதளவு அப்பால் தள்ளப்படுகின்றன. அதனால் காகிதத்தின் மேற்பக்கம் நேராகவும் கீழ்ப்பக்கம் எதிராகவும் ஆகின்றன. மின்விசை தொலைவைப் பொறுத்தது. தொலைவு பாதியானால் விசை நான்கு மடங்காகும் என்பதை 1785இல் கூலோம் அளந்து காட்டினார். ஆகவே, அருகிலுள்ள நேர்ப்பக்கத்தை ஈர்க்கும் விசை, தொலைவிலுள்ள எதிர்ப்பக்கத்தை விலக்கும் விசையை வென்றுவிடுகிறது. காகிதம் தாவி ஒட்டிக்கொள்கிறது. சில துண்டுகள் ஒட்டிய சற்று நேரத்தில் துள்ளி விழுவதையும் கவனித்துப் பாருங்கள். அவை அடிக்கோலைத் தொட்டு அதே வகை மின்னூட்டத்தைப் பெற்றதால் விலக்கப்பட்டவை.

அப்படியானால் அன்று வகுப்பில் நடந்தது என்ன? ஈரக்காற்று மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பலர் விளக்கம் சொல்வார்கள். அது சரியன்று. ஈரமாக இருந்தாலும் காற்று மின்சாரத்தை எளிதில் கடத்தாது. கசிவு நிகழும் இடம் வேறு. ஈரப்பதம் மிகுந்த நாளில் அடிக்கோல், முடி, மேசை என எல்லாவற்றின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படிந்துவிடும். கைவியர்வை உப்பும் தூசியும் அதில் கரைந்து, அப்படலம் ஓரளவு மின்கடத்தியாகிவிடும். தேய்க்கத் தேய்க்கச் சேரும் மின்னூட்டம் அதன் வழியே விரலுக்கு ஓடி, உடல்வழியாகத் தரைக்குப் போய்விடும். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் கதைதான். அதே அடிக்கோலைக் கழுவி, துடைத்து, நன்கு உலர்த்தி, குளிரூட்டியுள்ள கணினி அறையில் அரைமணி நேரம் வைத்திருந்து சோதனையைச் செய்யுங்கள். குளிரூட்டி காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வெளியேற்றுவதால் காகிதத் துண்டுகள் துள்ளிக்கொண்டு வரும்.

கணினி அறையில் வேடிக்கையாக இருப்பது, தொழிற்சாலையில் இழப்பாக மாறும். பினாங்கு, பாயான் லெப்பாசில் 1970களிலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்கி வருகின்றன. அங்கே வேலை செய்யும் உறவினர் உங்களுக்கு இருந்தால், மணிக்கட்டில் அணியும் பட்டையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பட்டையிலிருந்து ஒரு கம்பி புவியோடு இணைக்கப்பட்டிருக்கும். நாற்காலியிலிருந்து எழுந்தாலும், தரையில் நடந்தாலும் நம் உடலில் மின்னூட்டம் சேர்கிறது. அதன் அழுத்தம் ஏறத்தாழ 3,000 வோல்ட்டை எட்டினால்தான் விரலில் நமக்கு அதிர்வு தெரியும். ஆனால் சில சில்லுகள் 100 வோல்ட்டுக்கும் குறைவான மின்னிறக்கத்திலேயே பழுதாகிவிடும். தொட்டவருக்கு ஒன்றுமே தெரியாது. சில வேளைகளில் அந்தச் சில்லு சோதனையிலும் தேறிவிடும். மாதங்கள் கழித்து யாரோ ஒருவரின் கருவியில் திடீரென்று செயலிழக்கும். பட்டை, மின்னூட்டம் சேரச் சேர அதைப் புவிக்கு அனுப்பிவிடுகிறது. அதன் கம்பியில் 1 மில்லியன் ஓம் மின்தடை ஒன்றும் பொருத்தப்பட்டிருக்கும். பட்டை அணிந்தவரின் கை தவறி மின்கம்பியில் பட்டுவிட்டால், உடல்வழியே பெருமின்னோட்டம் பாயாமல் அது தடுக்கும்.

வீட்டுச் சுவரிலுள்ள மின்செருகி 230 வோல்ட்தான்; அது ஆளைக் கொல்லும். 3,000 வோல்ட் அதிர்வோ விரலைச் சுண்டிவிட்டுப் போய்விடுகிறது. காரணம், உடலில் சேர்ந்த மின்னூட்டம் மிகச் சிறியது. ஒரு நொடியில் மில்லியனில் ஒரு பங்கு நேரத்திற்குள் தீர்ந்துவிடும். மின்செருகியிலிருந்து மின்னோட்டம் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். ஆகவே வோல்ட்டை மட்டும் பார்த்து ஆபத்தைக் கணக்கிடக்கூடாது.

இனி வானத்திற்கு வருவோம். வெயிலில் சூடான ஈரக்காற்று மேலெழுகிறது. அதிலுள்ள நீராவி குளிர்ந்து நீர்த்துளிகளாகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் வேகமாக மேலே தள்ளுகிறது. நம் வட்டாரத்தில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்திற்கு மேல் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கிவிடும். அதற்கும் மேலே, இடிமேகத்தின் நடுவில், நுண்ணிய பனிப்படிகங்களும் சற்றுப் பெரிய பனியுருண்டைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அடிக்கோலும் முடியும் தொட்டுப் பிரிந்ததுபோல இவையும் தொட்டுப் பிரிகின்றன. பெரும்பாலும் படிகங்கள் நேர்மின்னூட்டம் பெற்று மேகத்தின் உச்சிக்குப் போகின்றன. கனமான உருண்டைகள் எதிர்மின்னூட்டத்தோடு கீழே தங்குகின்றன. அடிக்கோலின் மின்னூட்டம் வழிந்தோட விரல் இருந்தது. மேகத்தில் மிதக்கும் பனித்துகளுக்கு அப்படிப்பட்ட வழி ஏதும் இல்லை. சுற்றிலும் இருப்பது மின்சாரத்தைக் கடத்தாத காற்று. ஆகவே மின்னூட்டம் கசியாமல் சேர்ந்துகொண்டே போகிறது. மேசைமேல் நம் சோதனையைக் கெடுத்த அதே ஈரம், வானத்தில் மேகத்தை வளர்த்து, மோதுவதற்குப் பனியையும் தருகிறது.

மேகத்தின் கீழ்ப்பகுதியில் சேரும் எதிர்மின்னூட்டம், தரையிலுள்ள எலெக்ட்ரான்களை விலக்குகிறது. தரையும் அதில் உயர்ந்து நிற்பவையும் நேர்மின்னூட்டம் பெறுகின்றன. காகிதத் துண்டின் மேற்பக்கத்திற்கு நேர்ந்ததை ஒத்ததே இதுவும். கடைசியில் காற்றால் தாங்க முடியாமல் போகிறது. ஏறத்தாழ 30,000 ஆம்பியர் மின்னோட்டம் கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்கிறது. அந்தப் பாதையிலுள்ள காற்று ஏறத்தாழ 30,000 பாகை செல்சியஸ் வரை சூடாகி வெடித்து விரிகிறது. அந்த வெடிப்பின் ஓசைதான் இடி.

திடலில் காற்பந்து ஆடிக்கொண்டிருப்பவருக்கு இந்த இயற்பியல் உயிர் காக்கும் கணக்கையும் தருகிறது. ஒளி உடனே வந்துவிடும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடிகள் ஆகும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வெட்டியிருக்கிறது. அடுத்தது உங்கள் திடலிலேயே இறங்கலாம். மழை தொடங்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். மழை பெய்யும் இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் தாக்கும். கட்டடத்திற்குள் செல்லுங்கள்; அது இயலாவிட்டால் இரும்புக் கூரையுள்ள வாகனத்திற்குள் ஏறிக் கதவுகளைச் சாத்துங்கள். மரத்தடி, சுவரில்லாத கூடாரம், பேருந்து நிறுத்தக் குடில் ஆகியவை மழைக்கு ஒதுங்கலாம், மின்னலுக்கு ஆகாதவை. வாகனத்தில் நம்மைக் காப்பது ரப்பர் சக்கரம் என்பது பரவலான தவறான நம்பிக்கை. பல கிலோமீட்டர் காற்றைத் தாண்டி வந்த மின்னலுக்குச் சில சென்டிமீட்டர் ரப்பர் ஒரு பொருட்டன்று. நம்மைச் சூழ்ந்திருக்கும் உலோகக் கூடுதான் மின்னோட்டத்தை வெளிப்புறமாகவே தரைக்கு அனுப்பிவிடுகிறது. மழை விட்டதும் திடலுக்கு ஓடிவிடாதீர்கள். கடைசியாகக் கேட்ட இடியிலிருந்து 30 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். இருபத்தொன்பதாவது நிமிடத்தில் தொலைவில் ஒரு முழக்கம் கேட்டாலும், கணக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.