மருந்து என்று பேர், வேலையோ விஷம்!



நம் தோட்டங்களில் களைக்கொல்லியை யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. "மருந்து அடிக்கப் போறேன்", "மருந்து ஸ்டோர்", "மருந்து பம்பு" என்றுதான் பேச்சு. பேச்சில் மருந்தாக இருக்கட்டும். கையில் எடுக்கும்போது அது விஷம் என்ற நினைப்பு வேண்டும். வெளிக்காட்டில் அடிக்கும்போது எல்லாருக்கும் கொஞ்சம் பயம் உண்டு. வேலை முடிந்த பிறகுதான் அலட்சியம் வருகிறது. மிச்ச மருந்தும் பம்பும் காலிக் கேனும் எங்கே போகின்றன? ஆபத்து அங்கேதான் காத்திருக்கிறது.

முதல் விதி: மருந்து வீட்டுக்கு வரக்கூடாது. "கொல்லைப் புல்லுக்குக் கொஞ்சம்" என்று குளிர்பானப் போத்தலில் ஊற்றி வருவதைப்போல் கெட்ட பழக்கம் வேறில்லை. தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது விஷம் என்று எப்படித் தெரியும்? பராகுவாட் ஒரு வாய் போனாலே உயிர் போகலாம். அதற்கு மாற்று மருந்து கிடையாது. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்டுவிட்டது. யார் வீட்டிலாவது பழைய கேன் கிடந்தால் சாக்கடையில் ஊற்ற வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். மூடியபடியே ஸ்டோரில் ஒப்படையுங்கள்.

ஸ்டோர் எப்படி இருக்க வேண்டும்? பூட்டு இருக்க வேண்டும். காற்று வந்து போக வேண்டும். அரிசி, மாட்டுத் தீவனம், குடிதண்ணீர் பக்கத்தில் இருக்கக்கூடாது. கேன்களைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். தூள் மேல் தட்டில், திரவம் கீழ்த் தட்டில். கீழே கொட்டினால் அள்ள மணலோ மரத்தூளோ ஒரு வாளியில் தயாராக இருக்கட்டும். கிளைபோசேட்டைத் துத்தநாகம் பூசிய இரும்பு டிரம்மில் வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும் வாயு உண்டாகும். லேபலைக் கிழிக்காதீர்கள். அதில் கறுப்பு, சிவப்புப் பட்டை இருந்தால் கடும் விஷம். மஞ்சள், நீலம், வெள்ளை என்று குறைந்துகொண்டே வரும். வெள்ளைப் பட்டை என்பதற்காக அது தண்ணீர் அல்ல!

அடுத்தது பம்பு. காலையில் மருந்து ஊற்றுமுன் வெறும் தண்ணீர் ஊற்றி அடித்துப் பாருங்கள். மூடி வாஷர், குழாய், கைப்பிடி வால்வு எங்காவது கசிகிறதா? பம்பு கசிந்தால் முதுகு நனையும். நனைந்த சட்டையோடு மதியம் வரை நடந்தால், வாயில் படாமலேயே தோல் வழியாக விஷம் உள்ளே போகும். "கொஞ்சம்தானே ஒழுகுது" என்று துணியைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். மண்டோரிடம் சொல்லி மாற்றுங்கள். நாசில் அடைத்தால் வாயால் ஊதக்கூடாது. கம்பியால் குத்தினால் ஓட்டை பெரிதாகி மருந்து கூடுதலாகக் கொட்டும். தண்ணீரில் அலசி, மெல்லிய பிரஷால் தேயுங்கள்.

வேலை முடிந்ததும் காற்றழுத்தத்தை இறக்கி, பம்பை மூன்று தடவை கழுவுங்கள். கழுவிய தண்ணீரை அடித்த இடத்திலேயே தெளித்துவிடுங்கள். ஆற்றிலும் கால்வாயிலும் வேண்டாம். பிறகு மூடியைத் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்துக் காய வையுங்கள். காலிக் கேனையும் மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரைப் பம்பிலேயே ஊற்றுங்கள். கேனில் ஓட்டை போட்டு ஸ்டோரில் திருப்பிக் கொடுங்கள். எவ்வளவு கழுவினாலும் அது தண்ணீர் பிடிக்க ஆகாது. மருந்து அடித்த உடுப்பைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

மேலே பட்டால் உடனே உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள். யாராவது குடித்துவிட்டால், விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 999க்கு அழையுங்கள், லேபலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியாக வைத்தியம் பார்க்க முடியும்.

இதெல்லாம் தொழிலாளி தலையில் மட்டும் விழும் பாரம் அல்ல. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, பாதுகாப்புக்காகச் சட்டப்படி கொடுக்க வேண்டிய சாமான்களுக்கு முதலாளி உங்களிடம் காசு பிடிக்கக்கூடாது. கையுறை, பூட்ஸ், முகமூடி எல்லாம் இதில் சேரும். 2024 ஜூன் 1 முதல் 26ஏ பிரிவும் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலக உங்களுக்கு உரிமை உண்டு. 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பதும் சட்டம். உங்கள் தோட்டத்தில் அது கூடுகிறதா? கேளுங்கள்.

கசிகிற பம்பை முதுகில் ஏற்றிக்கொண்டு போவது வீரம் இல்லை, தோழர்களே! நாளைக் காலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பம்பைப் பாருங்கள். இன்று சாயங்காலமே வீட்டு மூலையைப் பாருங்கள்.