அவதாரிகையும் ஸங்கதியும்: பொருளைப் பொருளோடு இணைக்கும் நெறி

திருவாய்மொழியின் 1102 பாசுரங்களும் அந்தாதித் தொடையில் அமைந்தவை. ஒன்றன் முடிவு அடுத்ததன் தொடக்கமாகிறது. இறுதிப் பாசுரத்தின் முடிவு முதற்பாசுரத்தின் தொடக்கத்தோடு சேர்ந்து மண்டலித்து நிற்கிறது. சொல்லளவில் இத்துணை இறுக்கமாகத் தொடுக்கப்பெற்ற பிரபந்தத்திற்கு, நம்பிள்ளையின் காலக்ஷேபத்தை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி, திருவாய்மொழிதோறும் பாசுரந்தோறும் அவதாரிகை இடுவது ஏன்?

அந்தாதி சொல்லைச் சொல்லோடு இணைக்கிறது. பாசுரங்களின் வரிசை பிறழாமல் காக்கிறது. ஆயின், முன்னதை அடுத்து இது ஏன் வரவேண்டும் என்பதை அது கூறாது. அதனைக் கூறுவது ஸங்கதி. கீழ்ச் சொன்ன பொருளில் எது எஞ்சி நின்றது, எந்த ஐயம் எழுந்தது, ஆழ்வாருடைய திருவுள்ளம் எவ்வாறு மாறியது என்பவற்றைக் காட்டி, அடுத்த பொருளுக்கு இறங்கும் துறையாக அமைவதே அவதாரிகை.

இதன் இன்றியமையாமையை முதற்பத்தின் நான்காம், ஐந்தாம் திருவாய்மொழிகளுக்கு இடையே காணலாம். நான்காவதில் ஆழ்வார் பிரிவாற்றாத நாயகியின் நிலையை அடைந்து, எம்பெருமானுடைய அபராத ஸஹத்வத்தைப் பற்றாசாகக் கொண்டு பறவைகளைத் தூது விடுகிறார். தூது விட்டவர் அடுத்துக் கூடலின் களிப்பைப் பாடுவார் என்றே கற்பவர் எதிர்பார்ப்பர். ஐந்தாவதிலோ அவர் தம் தாழ்வை நினைந்து அகலப் பார்க்கிறார். அவதாரிகை இன்றேல் இது முன்னுக்குப்பின் முரணாகவே தோன்றும். எம்பெருமான் வந்து கிட்டினான் என்றும், அவனுடைய பெருமையையும் தம் சிறுமையையும் எதிரெதிரே கண்ட ஆழ்வார் தம்மோடு கலப்பது அவனுக்கு இழுக்காகும் என்று அஞ்சினார் என்றும் வியாக்கியானம் காட்டிய பின்னரே, பிழை பொறுப்பவன் வந்தபோதும் தம் பிழையைத் தாம் பொறுக்கமாட்டாத நிலை விளங்குகிறது. அகன்றவரை மீட்டுத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் சீல குணமும் அப்போதே வெளிப்படுகிறது. ஸங்கதி தவறினால் இங்கே இழக்கப்படுவது நடையழகன்று, பகவத்குணமே.

சாஸ்திரகாரர்கள் ஸங்கதியை ஆறாக வகுத்தனர். பேசிவரும் பொருளால் நினைவில் எழுந்து, விடத்தகாததைச் சொல்லுதல் பிரசங்கம். கருதிய பொருளை நிலைநாட்டத் துணையாவதை ஆராய்தல் உபோத்காதம். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாதல் ஹேதுத்வம். தடையாக நின்ற வினா தீர்ந்தபின் அடுத்ததற்கு இடம் உண்டாதல் அவசரம். இரு பொருள்களையும் நிகழ்த்துவது ஒன்றாதல் நிர்வாஹகைக்யம். இரண்டும் ஒரே பயனை விளைத்தல் காரியைக்யம்.

இவ்வகுப்பு இன்று கட்டுரை வரைவோர்க்கும் அளவுகோலாகும். "ஆகையால்" என்று தொடங்கும் பத்தி ஹேதுத்வத்தை உரிமை கொண்டாடுகிறது. முன்பத்தியில் காரணம் இல்லையேல் அவ்வுரிமை பொய்த்துவிடும். "இனி" என்பது அவசரத்தைக் குறிப்பது. முதல் வினா தீராமல் அதனை இடலாகாது. "இது நிற்க" என்பது விலகிச் சென்ற பொருளிலிருந்து மீள்வதை உணர்த்தும். விலகாத இடத்தில் அதற்கு வேலையில்லை. இணைப்புச் சொல்லை நீக்கிப் பார்த்தபின்னும் இரு பத்திகளும் பொருளால் பற்றி நிற்குமாயின் அச்சொல் உறவை விளக்குகிறது. பிரிந்து விழுமாயின், அங்கு இருந்தது அந்தாதி மட்டுமே.

ஒரே இடத்திற்கு இரண்டு மூன்று நிர்வாஹங்களைப் பூருவர்கள் காட்டுவதும் உண்டு. இயைபு மூலத்தின் மேல் தோன்றக் கிடப்பதன்று, ஆராய்ந்து காணவேண்டியது என்பதற்கு அதுவே சான்று. வியாக்கியானங்களில் "கீழ்" என்பது முன் சொன்னதையும் "மேல்" என்பது இனிச் சொல்லப்போவதையும் குறிக்கும். இன்றைய வழக்கு இதற்கு மாறானது. புதிதாகப் பயில்வோர் இதனை மனத்திற்கொண்டு, ஈட்டில் முதற்பத்தின் பத்துத் திருவாய்மொழி அவதாரிகைகளை மட்டும் முதலில் தொடர்ந்து வாசிப்பது நன்று. பரத்வத்தில் தொடங்கி நிர்ஹேதுக மஹோபகாரத்தில் முடியும் குணங்களின் வரிசை அப்போது ஒரே இழையாகத் தெரியும். அதன்பின் பாசுர உரைக்குள் புகுவது எளிதாகும்.