பழைய வீட்டுக் கணினிகளும் பழுதுபார்த்தலும்

கொஸ்லந்தைப் பகுதியிலும் அதற்கு மேலுள்ள அப்புத்தளை மலைச்சாரலிலும் ஸ்டோர் என்று தோட்டமக்கள் வழங்கும் தேயிலைத் தொழிற்சாலைகளுட் புகுந்து பார்ப்போர், வாடிய கொழுந்தை உருட்டி அரைக்கும் இயந்திரங்கள் பல தலைமுறைகளைக் கண்டும் ஓயாது சுழலுதலைக் கண்டு வியப்பர். இரும்பு தேயாத பொருளன்று. தேய்ந்த உறுப்பைக் கழற்றி, அதுபோன்ற வேறொன்றைக் கடைந்து பூட்ட இயலும் என்ற ஒரே காரணத்தினாலேயே அவை இன்றும் உயிரோடிருக்கின்றன. தொழிற்சாலையைக் காக்கும் ரோதமுனி என்னுந் தெய்வத்தைத் தோட்டமக்கள் வழிபடுவர். ஆயினும் ரோதமுனியின் அருளோடு திருத்துவோனின் கைவண்ணமும் வேண்டும் என்பதை அவர்களே முதற்கண் ஒப்புக்கொள்வர்.

ஓர் இயந்திரத்தின் சிறப்பை அது செய்யும் வேலையைக்கொண்டு அளத்தல் உலக வழக்கு. அது பழுதுற்றபோது திறந்து பார்க்க இடந்தருகின்றதா என்பதைக்கொண்டு அளத்தலும் ஒன்றுண்டு. இவ்விரண்டாம் அளவைகொண்டு 1977 ஆம் ஆண்டுமுதல் ஏறக்குறைய 15 ஆண்டுக்காலம் விற்பனையான வீட்டுக் கணினிகளை ஒப்புநோக்குதல், இன்று பல நாடுகளிலும் ஆர்வலர் சிலருக்கு இனியதொரு பொழுதுபோக்காக அமைந்துள்ளது. அவர்கள் வேகத்தையோ நினைவகத்தின் அளவையோ பேசுவதில்லை. எத்தனை திருகாணி கழற்றவேண்டும், எந்தச் சில்லு பற்றாசினால் ஒட்டப்பட்டுள்ளது, எது இனிக் கிடையாது என்பவையே அவர்கள்தம் வாதப்பொருள்கள். இவ்வாதம் சிறுபிள்ளை விளையாட்டன்று. அதனுள் ஒரு நுட்பமான உண்மை அடங்கியிருக்கின்றது. மூடி எளிதில் திறக்கும் கணினியெல்லாம் எளிதிற் செப்பமாவதில்லை. உள்ளிருக்கும் உறுப்பு ஊரறிந்த பொருளா, அன்றி ஒரு நிறுவனத்தின் தனியுடைமையா என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றது.

இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியது 1982 பெப்ரவரியில். தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாகக் கொண்ட வீட்டுக் கணினிகளுட் புகழ்மிக்க இரண்டு மேனாட்டுச் சந்தைக்கு வந்ததும் அதே ஆண்டிலேயாம். மலைநாட்டு லயங்களிற் பெரும்பாலானவற்றிற்கு அக்காலத்தில் மின்னிணைப்பே கிடையாதாகையால், அவை இங்கு வீட்டுப்பொருளாகும் வாய்ப்பு எழவில்லை. ஆயினும் அத்தலைமுறைக் கணினியொன்றோடு நம் நாட்டின் பெயரும் இணைந்துள்ளது. கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், தம்முடைய நாவலொன்றைத் திரைப்படமாக்கிய பீற்றர் ஹயம்ஸ் என்பாரோடு கேய்ப்புரோ என்னுங் கணினிவழித் தொலைபேசிக் கம்பியூடாகக் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். லொஸ் ஏஞ்சல்சுக்கும் கொழும்புக்கும் இடையே சென்ற அக்கடிதங்கள் பின்னர் நூலாகவும் வெளிவந்தன.

கேய்ப்புரோ 1982 இல் வெளிவந்தது. திரையும் உடனமைந்த உலோகப் பெட்டி. தூக்கிச் செல்லத்தக்கது என விளம்பரஞ் செய்யப்பட்டதாயினும், தையற்பொறியொன்றைத் தூக்குதற்குரிய வலிமை அதற்கு வேண்டும். அதனை ஆக்குவித்த அன்ட்ரூ கே என்பார் முன்னரே அளவைக் கருவிகள் செய்து புகழ்பெற்றவர். இலக்கங்களால் மின்னழுத்தத்தைக் காட்டும் வோல்ற்றுமானியை உலகுக்குத் தந்தவரும் அவரே. இன்று பழுதுபார்ப்போன் முதற்கண் கையிலெடுப்பது அவ்வோல்ற்றுமானியின் வழித்தோன்றலைத்தானே! அளவைக் கருவி செய்தோரின் இயல்பு கணினியிலும் தெரிகின்றது. மேலுறையின் திருகாணிகளைக் கழற்றினால் உள்ளுறுப்புகள் யாவும் வெளிப்படும். எச்சில்லும் அந்நிறுவனத்திற்கே உரியதன்று. எல்லாம் கடையில் வாங்கத்தக்கவை. குறை ஒன்றுண்டு. திரைக்குழலில் பல்லாயிரம் வோல்ற்று மின்னழுத்தம், இணைப்பைத் துண்டித்த பின்னருந் தங்கியிருத்தல் கூடும். ஆதலின் பயிலத் தொடங்குவோர் கைவைத்தற்குரிய கணினி அதுவன்று.

தொடக்கநிலையார்க்கு ஆர்வலர் பலரும் ஒருமுகமாகச் சுட்டுவது, 1977 இல் வந்த அப்பிள் 2 என்பதனையே. அதன் மூடிக்குத் திருப்புளியே வேண்டா. பின்புறத்தைக் கையால் உயர்த்தினால் கழன்றுவரும். உள்ளே எட்டு இணைப்பிடங்கள் வரிசையாக நிற்கும். சில்லுகள் யாவும் சொக்கெட் எனப்படும் தாங்கிகளில் அமர்த்தப்பட்டவை. ஐயத்திற்குரிய ஒன்றைப் பிடுங்கி, நல்லதென்றறிந்த மற்றொன்றை அவ்விடத்தில் இருத்திப் பார்க்கலாம். ஸ்டீவ் வொஸ்னியாக் அதனைத் தனியொருவராக வகுத்தபோது, அன்று சந்தையிற் கிடைத்த பொதுச் சில்லுகளையே கொண்டு வகுத்தார். அதனினும் மேலான செயல், சுற்று வரைபடம் முழுவதும் வாங்குவோர்க்குரிய கைந்நூலிலேயே அச்சிடப்பட்டமை. வரைபடமின்றிப் பழுது தேடுதல், வழிகாட்டியின்றி மூடுபனியில் மலையேறுதலை ஒக்கும். இத்துணைத் திறந்த மனத்தோடு தொடங்கிய அதே நிறுவனம் 1984 இல் வெளியிட்ட மக்கின்டொஷ் கணினியோ, பிடிக்குழியின் ஆழத்தில் விண்மீன் வடிவத் தலையுள்ள திருகாணிகளை ஒளித்து, வீட்டிலுள்ள எக்கருவியாலும் திறவாதவாறு அமைக்கப்பட்டது. ஏழாண்டில் நேர்ந்த இம்மாற்றம் வருந்தத்தக்கது.

பிரித்தானியாவின் பீ.பீ.சி. மைக்ரோ 1981 டிசம்பரில் வந்தது. கேம்பிரிட்ஜ் நகரத்து ஏக்கோர்ன் நிறுவனம் அதனை ஆக்கியது. பள்ளிகளில் மாணவர் கைபடும் என்பதை எதிர்நோக்கி அமைத்தமையின் உறுதியானது. இந்தியாவில் 1984-85 இல் பள்ளிகளுக்கெனத் தொடங்கிய கணினி எழுத்தறிவுத் திட்டத்திற்கும் அதுவே தெரிந்தெடுக்கப்பட்டது. மூடியைப் பிடித்துள்ள நான்கு திருகாணிகளின் அருகே 'ஃபிக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் பொறிக்கப்பட்டிருக்கும். அச்சொல்லுக்குப் பொருத்துதல் என்பதோடு பழுது நீக்குதல் என்றும் பொருளுண்டு. எப்பொருளை எண்ணிப் பொறித்தனரோ, இரண்டும் பொருந்துகின்றன. அதன் மின்வழங்கியில் உள்ள சிறு வடிகட்டிக் கொள்ளளவிகள் இரண்டு முதுமையில் வெடிப்புற்று ஈரத்தை ஈர்த்து, ஒருநாள் புகைந்து அறையெங்கும் துர்நாற்றம் பரப்பும். கணினியே எரிந்தொழிந்தது என அஞ்சிக் குப்பையில் எறிந்தோரும் உளர். பெரும்பாலும் அவ்விரு கொள்ளளவிகளை மாற்றினால் அது மீண்டும் எழும். விலை அற்பம், அறியாமைக்குக் கொடுத்த விலையே பெரிது.

இனி, ஆர்வலரிடையே வாதத்தை மிகுவிப்பது 1982 ஏப்ரிலில் வெளிவந்த சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம். மலிவே அதன் உயிர்நாடி. கீழ்ப்புறத்து ஐந்து திருகாணிகளை நீக்கினால் இரு பாதியாகப் பிரியும். ஆனால் விசைப்பலகையின் மென்தகட்டு நாடாக்கள் இரண்டும் முதுமையினால் உலர்ந்து முறியும் நிலையிலிருக்கும். திறத்தலே ஒரு பழுதை உண்டாக்கும் என்பது இதனாற் பெறப்படும். உட்பலகை சிறியது, உறுப்புகள் சில. எனவே கற்றற்கு எளியது. எனினும் அதன் நோய் ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுக்கும் இயல்பினது. வெளியிலிருந்து வரும் 9 வோல்ற்று மின்னிலிருந்து 5 வோல்ற்று, 12 வோல்ற்று, எதிர் 5 வோல்ற்று ஆகிய மூன்றையும் அது தன்னுள்ளேயே ஆக்கிக்கொள்ளவேண்டும். பின்னிரண்டையும் ஆக்குவது ஒரு சிறு கம்பிச்சுருளும் ஒரு டிரான்சிஸ்டரும். அந்த டிரான்சிஸ்டர் பழுதுற்று எதிர் 5 வோல்ற்று இல்லாதொழியுமாயின், கீழ்நினைவகத்தின் எட்டுச் சில்லுகளும் ஒன்றன்பின் ஒன்றாக மடியத் தொடங்கும். திரையில் தோன்றும் நிறக்கோடுகளைக் கண்டு சில்லை மட்டும் மாற்றுவோன், நோயின் வேரை விட்டு இலையைக் கிள்ளியவனாவான். புதுச் சில்லும் அன்றே கெடும். அதுமட்டுமன்று. அச்சில்லுகள் பலகையில் நேரே பற்றவைக்கப்பட்டவை. சில்லொன்றுக்குப் 16 கால்களாக, எட்டுக்கு 128 கால்கள். அவசரத்தில் இழுத்தால் காலோடு செப்புக் கோடும் பெயர்ந்துவரும். அதன்பின் உறுப்பன்று, பலகையே நோயாளி.

48 என எண்ணிடப்பட்ட பெரிய ஸ்பெக்ட்ரத்தின் மேல்நினைவகத்தைப் பற்றியும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். ஒரு பாதி பழுதான சில்லுகளை மலிவாகப் பெற்று, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தும்வண்ணம் அதனை அமைத்தனர். சிக்கனத்தின் உச்சம் எனப் போற்றுவாரும் உளர், கஞ்சத்தனம் என இகழ்வாரும் உளர். பழுதுபார்ப்போனுக்கு அது தரும் செய்தி வேறு: எந்தப் பாதி நல்லது என்று பலகை எதிர்பார்க்கின்றதோ, அப்பாதி நல்லதாயுள்ள சில்லையே அவன் தேடவேண்டும்.

அதே 1982 இல் வந்த கொமடோர் 64, திறத்தற்கு ஸ்பெக்ட்ரத்தினும் இனியது. முன்விளிம்பின் கீழுள்ள மூன்று திருகாணிகளைக் கழற்றிப் பெட்டிமூடிபோல் உயர்த்தலாம். ஆனால் மூடிக்கும் ஆயுளுக்குமுள்ள வேறுபாட்டை இதனினும் நன்கு விளக்குவது பிறிதில்லை. படம் வரையும் சில்லும் ஒலி எழுப்பும் சில்லும் கொமடோர் தன் சொந்தத் தொழிற்சாலையில் தனக்கென்றே செய்தவை. அவற்றின் ஒலியினிமையும் படநயமுமே அக்கணினிக்குப் புகழ் தந்தன. 1994 இல் அந்நிறுவனம் முறிவடைந்தபின், உலகிலுள்ள அச்சில்லுகள் நாளுக்கு நாள் குறைவனவேயன்றிக் கூடுவனவல்ல. கொடுமை யாதெனின், அவற்றைக் கொல்வதும் பெரும்பாலும் கணினியுடன் வந்த மின்வழங்கியே. அதன் உட்புறம் முழுதும் பிசினால் நிரப்பி இறுக்கப்பட்டிருப்பதால் திறந்து பார்த்தல் இயலாது. உள்ளிருக்கும் சீராக்கி கெட்டால், 5 வோல்ற்று இருக்கவேண்டிய கம்பியில் அதனின் மிகுதி பாயும். பயனர் ஒன்றும் அறியார், திரை கருமையாய் நிற்கும். ஸ்பெக்ட்ரத்தின் நிறக்கோடுகள் நோயின் குறியையேனும் காட்டும். கருந்திரையோ ஒன்றுஞ் சொல்வதில்லை. ஆகவேதான் பழைய மின்வழங்கியை ஒருபோதும் செருகாதே என்பது அவ்வட்டாரத்தில் முதல் விதியாயிற்று.

ஈண்டு ஓர் அறச்சிக்கல் தோன்றுகின்றது. ஒரு கணினியை எழுப்ப மற்றொன்றின் உறுப்பைப் பறிப்பது முறையா? ஒலிச்சில்லுக்காகவே பழுதற்ற கொமடோரைப் பிரித்தல், கோயிலொன்றைப் புதுக்குதற்கு மற்றொரு கோயிலின் தூணைப் பெயர்த்தலை ஒக்கும் என்று சிலர் சினப்பர். அவர் சினம் நியாயமானதே. இதற்கு மாற்றாக, பழைய சில்லின் தொழிலைச் செய்யும் புதிய சிறு பலகைகளை ஆர்வலரே ஆக்கி வருகின்றனர். ஸ்பெக்ட்ரத்தின் தனிச் சில்லை அடிமுதல் ஆராய்ந்து கிறிஸ் ஸ்மித் என்பார் 2010 இல் ஒரு நூலே வெளியிட்டார்; செய்தவர் சொல்லாது விட்டதைச் செய்பொருளைப் பார்த்தே மீட்டெடுத்த முயற்சி அது. மூலச் சில்லன்றி வேறெதுவும் ஆகாது என்று கூறுவோரும் இருக்கின்றனர். ஒலியினிமையின் நுட்பத்தைக் கருதின் அவர் கூற்றில் உண்மையுண்டு. ஆயினும் பேசாத மூலத்தினும் பேசும் மாற்று மேல்.

பொதுச் சில்லுகளும் என்றென்றும் நிலைப்பனவல்ல. 1976 இல் தோன்றி ஸ்பெக்ட்ரம், கேய்ப்புரோ இரண்டிற்கும் மூளையாயிருந்த இசட் 80 சில்லின் தொன்மை வடிவத்திற்கு இனிக் கொள்முதல் ஆணை ஏற்பதில்லை என்று அதன் நிறுவனம் 2024 இல் அறிவித்தது. எனினும் 48 ஆண்டுகள் ஓடிய பொருளாதலின் உலகெங்கும் இருப்பு மிகுதி; தனியுடைமைச் சில்லுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

புதியது எளியது என்று எண்ணுவோர் 1992 இல் வந்த அமீகா 1200 கணினியைத் திறந்து பார்த்தல் வேண்டும். உறுப்புகள் துளைவழி இறங்காமல் பலகையின் மேற்பரப்பில் ஒட்டப்பட்டவை. சிறிய கொள்ளளவிகள் கசிந்து அடியிலுள்ள செப்பை அரிக்கும். சாதாரண பற்றாசுக்கோலும் கண்ணும் அதற்குப் போதா. அதற்கு முந்திய அமீகா வகைகள் சிலவற்றிலுள்ள கடிகார மின்கலம் அதனினுந் தீயது. பெட்டியிற் கிடந்தபடியே காரத்தைக் கசியவிட்டுப் பலகையை உண்டுவிடும்.

கொஸ்லந்தையைப்போல் மழையும் பனியும் மிக்க மலைப்புறங்களில் இவ்வரிப்பு இன்னும் விரைவாக நிகழ்தல் இயல்பு. வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வந்து பள்ளிக் களஞ்சியங்களில் உறங்கும் பழைய கணினி எதுவாயினும், ஆர்வமிகுதியால் உடனே மின்னிணைப்புக் கொடுப்பதே அதற்குச் செய்யுந் தீங்கு. அமெரிக்காவிலிருந்து வந்ததாயின் அது 120 வோல்ற்றுக்கு உரியதா என்பதை முதலில் நோக்கல்வேண்டும். நம் நாட்டு 230 வோல்ற்று அதனைக் கணப்பொழுதில் அழிக்கும். பின்னர் மூடியைத் திறந்து, மின்கலம் இருப்பின் வெட்டியெடுத்து, ஈரம் உலரச் சில நாள் காற்றோட்டமான இடத்தில் வைத்து, பூசணம் படிந்த தாங்கிகளிலிருந்து சில்லுகளைக் கழற்றிக் கால்களைத் துடைத்து மீளப் பொருத்துதல் வேண்டும். அதன்பின் மின்வழங்கியைக் கணினியினின்று பிரித்துத் தனியே இயக்கி, பல்மானியால் ஒவ்வொரு கம்பியையும் அளந்து, 5 வோல்ற்று 5 வோல்ற்றாகவே நிற்கின்றது என்று கண்ட பிறகே கணினியோடு இணைத்தல் வேண்டும்.